ஸ்டியரிங்கம்மா வீட்டு மருமகள்

"குழந்தைதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சாச்சே, அத்தை."

இதைச் சொல்வதற்கு மருமகள் காலையிலிருந்து வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அத்தை குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். அவர் வாயில் அப்போது பல் செட் இல்லை. அது கழுவித் துடைத்து ஒரு கிண்ணத்தில், மருமகள் கையில் இருந்தது. பல் இல்லாத நேரத்தில் அத்தை யாரிடமும் பேசமாட்டார், பெற்ற மகனிடம்கூட. அந்த நேரம் பார்த்துக் கேட்டால் எடுத்த எடுப்பில் மறுக்க முடியாது, கொஞ்சமாவது யோசிக்க வேண்டிவரும் என்று மருமகள் கணக்குப் போட்டிருந்தாள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏற வேண்டுமானால் இப்படி ஏதாவது குறுக்கு வழி பார்த்தால்தான் உண்டு.

"பல் செட் லேப் முதலாளி போன் பண்ணாரு. மெழுகு வேலை பார்த்த பெரியவருக்குக் கண்ணு சரியாத் தெரியலையாம், நின்னுட்டாராம். திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லு, நீ வர்றியா, இல்ல வேற ஆளைப் பாத்துக்கட்டுமான்னு கேக்கறாரு. குழந்தை வீட்டுக்கு வர்றதுக்குள்ள நான் திரும்பி வந்துருவேன். சமையலை முடிச்சு வச்சிட்டுத்தான் போவேன், அத்தை."

அத்தை கையை நீட்டினார். மருமகள் கிண்ணத்தைக் கொடுத்தாள். முதலில் மேல் செட்டையும் பிறகு கீழ் செட்டையும் பொருத்தி, தாடையை இப்படியும் அப்படியும் அசைத்து, கண்ணாடியில் ஒரு தடவை சிரித்துப் பார்த்துவிட்டு அத்தை திரும்பினார்.

"வேண்டாம்மா," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. கோபத்தோடு மோதலாம், அன்போடு எங்கே போய் மோதுவது?

"உனக்கு என்ன குறைன்னு வேலைக்குப் போகணும்? இந்த வீட்டுல ஒருத்தி வெளில போய் வதைபட்டது போதும். போ, குழந்தைக்குத் தலை வாரி விடு. வண்டி வந்துரும்."

குழந்தை பிறந்தபோது "தவழட்டும், பாக்கலாம்" என்றார்கள். தவழ்ந்தபோது "நடக்கட்டும்" என்றார்கள். நடந்தபோது "நாலு வார்த்தை பேசட்டும்" என்றார்கள். அது பேச ஆரம்பித்து, தன் அம்மாவைவிட அதிகமாகவே பேசியது. அப்போது "பள்ளிக்கூடத்துல சேத்துட்டுப் பாத்துக்கலாம்" என்றார்கள். சேர்த்தாயிற்று. இனிமேல் சொல்வதற்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை என்று மருமகள் நம்பியிருந்தாள். கையில் அதிகாரம் இருப்பவர்களுக்குச் சாக்கே தேவையில்லை என்பது அந்தப் பேதைக்கு அன்று காலையில்தான் விளங்கியது.

அத்தையை ஊரில் ஸ்டியரிங்கம்மா என்பார்கள். அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. புருஷன் போனபோது அவருக்கு இடுப்பில் ஒரு கைக்குழந்தை, வாசலில் ஓட்ட ஆளில்லாத ஒரு லாரி. லாரியை எங்களிடம் விட்டுவிட்டு மூலையில் உட்கார் என்று கொழுந்தன்மார் வந்து நின்றார்கள். அவர் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, லாரியில் கிளீனராக இருந்த கிழவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஊருக்கு வெளியே பொட்டல் வெளியில் ஓட்டப் பழகினார். ஊர் சிரித்தது. அவர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. இன்றைக்கு ஷெட் நிறைய லாரிகள் நிற்கின்றன. மகன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்குச் சிரித்தவர்களின் பிள்ளைகள் அவரிடம் டிரைவர் வேலைக்கு வந்து கைகட்டி நிற்கிறார்கள்.

அவரைப் பார்த்துத் தைரியம் வந்து வண்டி பழகிய பெண்கள் அந்த ஊரில் உண்டு. கடை வைத்தவர்கள் உண்டு. அடிக்கிற புருஷனை "போடா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பியவர்கள் உண்டு. இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டை ஒட்டிய முன்னறையில் கூட்டம் நெரியும். உட்காருவதற்கு லாரியிலிருந்து கழற்றிய பழைய சீட்டுகளையே சுவரோரமாகப் போட்டிருப்பார்கள். பெண்கள் வரிசையாக அதில் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தங்கள் குறையைச் சொல்வார்கள். புருஷன், மாமியார், நாத்தனார், யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கம்மா கூப்பிட்டு அனுப்பினால் வந்தாக வேண்டும். அவர் இரண்டு பக்கமும் கேட்டு ஒரு முடிவு சொல்வார். போலீஸ் ஸ்டேஷனில் தீராத வழக்கெல்லாம் அந்த லாரி சீட்டில் தீர்ந்திருக்கிறது.

வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுப்பது மருமகள்.

அவள் இந்த வீட்டுக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பல் செட் செய்யும் லேபில் மெழுகு வேலை பார்த்தாள். டாக்டர் அனுப்பும் வாய் அச்சில் மெழுகை உருக்கி ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, தாடை திறந்து மூடும்போது மேல் பல்லும் கீழ் பல்லும் சரியாகச் சேருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஸ்டியரிங்கம்மாவுக்குப் பல்லெல்லாம் போய் செட் கட்ட வேண்டி வந்தபோது, பழைய போட்டோ ஒன்று லேபுக்கு வந்தது. லாரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரிக்கிற போட்டோ. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தது. எல்லாரும் முத்துக் கோத்தது போல் நெருக்கி வைப்பார்கள். இவள் அந்த இடைவெளியை விட்டே கட்டினாள். ஸ்டியரிங்கம்மா அதைப் போட்டுக் கண்ணாடி பார்த்துவிட்டு அழுதுவிட்டார். "என் சிரிப்பையே திருப்பிக் குடுத்துட்டா. யார் அந்தப் பொண்ணு?" என்று லேபுக்கே நேரில் வந்தார். அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கை எங்க வீட்டுக்கு வரணும்" என்றார்.

கை வந்தது. வந்த கை பாத்திரம் துலக்குகிறது, டீ போடுகிறது, தினமும் காலையில் அதே பல் செட்டைக் கழுவிக் கிண்ணத்தில் வைக்கிறது.

அன்று சாயங்காலம் அவள் புருஷனிடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பான், கை நீட்டியதில்லை. ஆனால் அம்மா பேச்சு வந்தால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்துவிடுவான்.

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். வேண்டாங்கறாங்க."

"அப்ப வேண்டாம்னு அர்த்தம்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? பொம்பளைங்க விஷயத்துல ஊரே எங்கம்மாகிட்ட வந்து யோசனை கேக்குது. நான் போய் அவங்களுக்குப் பொம்பளைங்க சுதந்திரம் சொல்லிக் குடுக்கணுமா? சிரிக்க மாட்டாங்க?"

சிரிக்கத்தான் சிரிப்பார்கள்.

மறுநாள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அந்த லேபில் அவளைச் சேர்த்துவிட்டதே அப்பாதான். முதல் தடவை அவள் ஒரு முழு செட் கட்டியபோது பெருமை தாங்காமல் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவர்.

"மூளை இருக்காம்மா உனக்கு?" என்றார் இப்போது. "எத்தனை பேரு அந்தம்மா வீட்டுல சம்பந்தம் வைக்கத் தவம் கிடந்தாங்க? நான் வெளில போனா, ஸ்டியரிங்கம்மா சம்பந்தின்னு டீக்கடையில எழுந்து இடம் குடுக்கறாங்க. அவங்களுக்குத் தெரியாத நியாயமா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

"நான் கெட்டவங்கன்னு சொல்லலைப்பா. வேலைக்குப் போகணும்னு சொல்றேன்."

"கொடுத்து வச்சவ நீ. வாயை மூடிக்கிட்டு இரு."

கொடுத்து வைத்தவள். இந்த வார்த்தையை அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். கொடுத்து வைத்தவளுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. அவள் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் பேராசை, அழுதால் பாசாங்கு, பேசாமல் இருந்தால் "பார், எவ்வளவு நிம்மதியா இருக்கா" என்று ஆகிவிடும். மாமியார் கொடுமை என்று ஊரில் யாராவது வாய் திறந்தால், எல்லாரும் ஒரே வழியைத்தான் காட்டுவார்கள்: ஸ்டியரிங்கம்மாவிடம் போய்ச் சொல்லு. அந்த வழி இவளுக்கு மட்டும் சுற்றிச் சுற்றி இவள் வீட்டுச் சமையலறைக்கே வந்து நின்றது.

சனிக்கிழமை பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பேட்டி எடுக்க வந்தாள். வெட்டிய முடியும் தோளில் பையுமாக, ஸ்டியரிங்கம்மாவைப் பார்த்த மாத்திரத்தில் கண் கலங்கி, "உங்களைப் பத்திப் படிச்சுத்தான்மா நான் வீட்டை எதிர்த்து இந்த வேலைக்கே வந்தேன்" என்றாள். அதுவும் உண்மைதான் போலிருந்தது. பேட்டி முடிந்து கைகழுவ உள்ளே வந்தவள் மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். இவள் நம்மைப் போன்றவள், இவளுக்குப் புரியும் என்று மருமகளுக்கு ஒரு சபலம் தட்டியது. துண்டை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நானும் வேலை பாத்துட்டு இருந்தேங்க. பல் செட் செய்யற லேப்ல. இப்பக் கூப்பிடறாங்க. ஆனா அத்தை..."

"அப்படியா! அப்ப மேடமோட பல்லு?"

"நான் செஞ்சதுதான்."

"ஐயோ, எவ்வளவு அழகான விஷயம்! இதைக் கண்டிப்பா எழுதறேன். அவங்ககூட ஒரே வீட்டுல இருக்கறது எவ்வளவு பெரிய பாக்கியம் இல்ல? தினமும் பாடம்தான்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அண்ணா, கேமராவை எடுத்துட்டு வாங்க, மருமகளையும் சேத்து ஒண்ணு எடுத்துடலாம்" என்று கூவினாள்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் பின்னால் நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். அந்த "ஆனா" அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்பார் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்குகளில் மூன்றாவதோ நான்காவதோ, மஞ்சள் குடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எழுந்தாள். துணிக்கடையில் வேலை பார்த்தவளாம். கல்யாணமானதும் மாமியார் நிறுத்திவிட்டாராம். எதிர் சீட்டில் அந்த மாமியார் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"எங்க குடும்பத்துல பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கம் இல்லைங்க," என்றார் அந்த மாமியார்.

ஸ்டியரிங்கம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பவருக்கு வேர்க்கும்.

"வழக்கம்னா என்ன? நேத்து யாரோ பண்ணினது. நாளைக்கு நீ பண்ணினா அதுவும் வழக்கம்தான். கை காலு நல்லா இருக்கற பொண்ணை வீட்டுல கட்டிப்போட உனக்கு யார் அதிகாரம் குடுத்தது? அவ உழைச்சுச் சாப்பிடணும்னு கேக்கறா. உன் வீட்டைத் தூக்கிக் குடுன்னு கேக்கலை. பொம்பளைக்குச் சொந்தக் கால்ல நிக்கற மாதிரி ஒரு நிம்மதி வேற எதுல இருக்கு? நான் நின்னு பாத்தவ, சொல்றேன்."

அறையில் பெண்கள் கையைத் தட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகள் டீத் தட்டோடு வாசற்படியில் நின்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் தனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளத்தான் அனுமதி இல்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று பழமொழி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அத்தை வேஷம் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சொன்னதை முழு மனதோடு சொன்னார். வேஷமாக இருந்தால் ஒருநாள் கலைந்துவிடும் என்றாவது காத்திருக்கலாம்.

எதிர் சீட்டு மாமியார் கடைசியில் தலையை ஆட்டினார். "சரிங்கம்மா, போகட்டும். ஆனா அந்தத் துணிக்கடையில இப்ப வேற ஆளு வந்தாச்சே."

மஞ்சள் குடைக்காரியின் முகம் விழுந்துவிட்டது. ஸ்டியரிங்கம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வாசற்படிப் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஏம்மா, உங்க லேப்ல ஆளு கேக்கறாங்கன்னு சொன்னியே? இந்தப் பொண்ணை அனுப்பேன். உனக்குத் தெரிஞ்ச இடம்தானே. நீயே ரெண்டு நாளு வச்சுச் சொல்லிக் குடு, பொழச்சுப்பா."

மறுபடி கைதட்டல். "மருமகளும் மாமியாருக்குத் தப்பாம இருக்கா" என்று யாரோ சொன்னார்கள். மஞ்சள் குடைக்காரி ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களை உசிரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்க்கா" என்றாள். அவள்மேல் கோபப்படக்கூட மருமகளால் முடியவில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்?

கூட்டம் கலைந்தபின் சமையலறையில் அத்தை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மருமகள் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குச் சொன்ன நியாயம் எனக்கு இல்லையா, அத்தை?"

அத்தை உண்மையிலேயே திகைத்துப்போனார். இரண்டும் ஒன்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அவளும் நீயும் ஒண்ணா? அவ வீட்டுல ஒருத்தன் சம்பாத்தியம் பத்தாது, போறா. உனக்கு என்ன விதி?" அவர் டம்ளரை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார். "நான் ஆசைப்பட்டா லாரி ஏறினேன்? வேற வழியில்லாம ஏறினேன். உன் புருஷன் பசியில வீட்டுல அழுதுட்டு இருப்பான், நான் சோதனைச் சாவடி வரிசையில நிப்பேன். மாருல பால் கட்டிக்கிட்டு சட்டையெல்லாம் நனையும். சுத்தி அத்தனை ஆம்பளைங்க பாப்பாங்க. கேபின்ல இரும்புக் கம்பியைப் பக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் கண்ணை மூடுவேன். அப்பவே மனசுல ஒரு சத்தியம் பண்ணினேன். என் வீட்டுக்கு வர்ற பொண்ணு வாசப்படி தாண்டிப் பொழைக்க வேண்டிய நிலைமை வரக்கூடாதுன்னு. அதுக்குத்தாம்மா இவ்வளவும்."

மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கம்பியை நினைத்தும், நனைந்த சட்டையை நினைத்தும் அழுதாள்.

"நான் லாரி கேக்கலையே, அத்தை. நாற்காலியில உக்காந்து பாக்கற வேலை."

"உக்காந்து பாத்தாலும் இன்னொருத்தன் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போகணும்ல? ஸ்டியரிங்கம்மா மருமக கூலிக்குப் போறா, அந்த வீட்டுல என்ன நொடிச்சுப்போச்சோன்னு ஊரு கேக்கும். நான் எதுக்கு இவ்வளவு பாடுபட்டேன்?"

அவள் கண்ணை அவரே துடைத்துவிட்டார்.

இதுதான் அந்த வீட்டின் நியாயம், அந்த வீட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. பெண் வேலைக்குப் போவது வறுமைக்குக் கொடுக்கும் மருந்து. நோய் தீர்ந்த வீட்டில் மருந்துப் புட்டியை யாராவது கையில் எடுத்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? வேலை ஒருத்திக்குப் பிடித்தும் இருக்கலாம், அவள் கைக்கு அது சோறு தண்ணீர் போலத் தேவையாகவும் இருக்கலாம் என்பது, ஊருக்கே வழிகாட்டிய அந்த மனுஷிக்குத் தெரியவில்லை. பிடித்து ஒரு வேலை செய்யும் பாக்கியம் அவருக்கே வாய்த்ததில்லை.

அடுத்த சில நாட்கள் மஞ்சள் குடைக்காரி மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். லேபிலிருந்து இரண்டு பழைய அச்சுகளும் மெழுகுக் கத்தியும் விளக்கும் வாங்கிவந்திருந்தாள். சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து மருமகள் சொல்லிக்கொடுத்தாள். சூடான மெழுகின் வாசனை எழுந்தது. கத்தி கைக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே ஓடின. அந்தப் பெண்ணின் முறையிலும் இவளே செய்துகொண்டிருப்பாள், பிறகு நினைவு வந்து கத்தியைக் கொடுத்துவிடுவாள்.

"அக்கா, உங்களுக்கு இந்த வேலை இவ்வளவு பிடிக்குமே, நீங்க ஏன் போகலை?" என்று ஒருநாள் அந்தப் பெண் கேட்டாள்.

மருமகள் பல்லை நட்டுக்கொண்டே, "எனக்குக் குறை ஒண்ணும் இல்லையாம்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை.

அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். லேப் முதலாளி போன் செய்து, "பரவாயில்லம்மா, நல்லா வருது. ஆனா உன் கை வராது" என்றார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய நம்பரையும் போனிலிருந்து எடுத்துவிட்டாள். இருந்தால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

பத்திரிகையில் பேட்டி வந்தது. முழுப் பக்கப் படம். அத்தை நாற்காலியில், மருமகள் பின்னால். படத்துக்குக் கீழே, மாமியார் காட்டிய வழியில் மனநிறைவோடு இல்லறம் நடத்தும் மருமகள் என்று போட்டிருந்தார்கள். பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்பா பத்துப் பிரதி வாங்கியதாகச் சொன்னார். புருஷன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம், பேட்டி படித்துவிட்டு வெளியூரிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு தடித்த அம்மாள் எழுந்தார். அவர் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், தலை குனிந்து விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ என் மருமகங்கம்மா," என்றார் அந்த அம்மாள். "நர்ஸுக்குப் படிச்சவ. ஆஸ்பத்திரியில கூப்பிடறாங்க, போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. என் புள்ளை நல்லா சம்பாதிக்கறான். வீட்டுல ஒண்ணுக்கும் குறையில்ல. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. அதான் உங்ககிட்டயே கூட்டிட்டு வந்தேன். நீங்க சொன்னா கேப்பா."

"நான் என்ன சொல்லணுங்கறே?" என்று ஸ்டியரிங்கம்மா கண்ணாடியைக் கழற்றினார். பெண்கள் கைதட்டத் தயாரானார்கள்.

அந்த அம்மாளுக்கு வேர்க்கவில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார்.

"நான் இவகிட்ட உங்க வீட்டைத்தாம்மா சொன்னேன். ஸ்டியரிங்கம்மா வீட்டு மருமகளைப் பாருடி, அவளும் தொழில் தெரிஞ்ச பொண்ணுதான், எவ்வளவு மரியாதையா வீட்டோட இருக்கா, பெரியவங்க சொல்லுக்குக் கட்டுப்பட்டு. ஊருக்கே சுதந்திரம் சொல்றவங்களே தன் மருமகளை வேலைக்கு அனுப்பலை. அப்ப எது நல்லதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் இப்ப இதைத்தாம்மா சொல்லிக்காட்டறோம்."

கைதட்டத் தூக்கிய கைகள் மடிக்கு இறங்கின.

மருமகள் டீத் தட்டோடு நின்று இதைக் கேட்டாள். வேலை போனது, லேப் போனது, தனக்கு நேர்ந்தது தன்னோடு போகட்டும் என்று அவள் மனதைத் தேற்றிவைத்திருந்தாள். இப்போது தன்னைக் காட்டித் தெருத்தெருவாகக் கதவைச் சாத்துகிறார்கள். ஊருக்கு முன்மாதிரி அத்தை மட்டும் இல்லை, அவளும்தான்.

ஸ்டியரிங்கம்மா வாயைத் திறந்தார். "அது வந்து..." என்றார். எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் இடித்தது. அவர் படத்தைப் பார்த்தார், அந்த ஒல்லிப் பெண்ணைப் பார்த்தார். கடைசியில் மருமகளைப் பார்த்தார்.

"நீ உள்ள போம்மா," என்றார், மெதுவாக.

மருமகள் தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போகவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. நடந்து போய் அந்த ஒல்லிப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் திடுக்கிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"சொல்லுங்க, அத்தை," என்றாள் மருமகள். "எங்க ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லுங்க."

அவள் குரல் உயரவில்லை. கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. யாரோ ஒருத்தி விளையாட்டென்று நினைத்துச் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஷெட்டில் ஒரு டிரைவர் லாரியைக் கிளப்பினான், அந்தச் சத்தம் அடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அடங்கியது. ஸ்டியரிங்கம்மாவின் தாடை அசைந்தது. சொல் வரவில்லை. ஆயிரம் வீட்டுக்கு நியாயம் சொன்னவர், எதிரில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தடித்த அம்மாளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவர் தன் மருமகளின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"பாத்தியா? அம்மாவே வேலைக்குப் போன்னு சொல்லலை. அப்புறம் என்னடி, வா, வீட்டுக்குப் போலாம்," என்றார்.

அந்தப் பெண் வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஸ்டியரிங்கம்மாவைப் பார்த்து அல்ல. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து.

"அடுத்தது யாரு?" என்றார் ஸ்டியரிங்கம்மா. குரல் அவருடையது போலவே இல்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு இன்னும் சொல்லலை, அத்தை," என்றாள் மருமகள். சீட்டை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.